மாடிசன் நகரில் ஒரு சர்வகலாசாலை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசன், மெண்டோட்டா, மொனோனா என்னும் இரு ஏரிகளுக்கிடையே அமைந்த எழில்மிகு ஊர். சட்டசபை மாளிகையிலிருந்து கடைவீதி வழியே ஒரு மைல் நடந்தால், 1848-இல் தோன்றிய சர்வகலாசாலையின் பாஸ்கம் குன்று. அங்குள்ள லிங்கன் சிலையருகே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோர் பலர். சிலைக்குப் பின்னுள்ள கட்டடத்தின் முகப்பில் ஒரு வெண்கலப் பலகை உண்டு. அதை அவசியம் காண வேண்டும்.

ரிச்சர்டு ஈலி என்னும் பொருளாதாரப் பேராசிரியர் வேலைநிறுத்தங்களை ஆதரிப்பவரென்று 1894-இல் குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரித்த நிர்வாகக் குழுவினர் அவரை விடுவித்தனர். உண்மையை அஞ்சாது புடைத்துச் சலித்துக் காணும் உரிமை இங்கு என்றும் உண்டெனவும் அறிவித்தனர். பலகையிலிருப்பது அவ்வறிக்கையின் வாசகமே. முறம் பிடித்த நம் இல்லத்தரசியருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமோ?

கோடை மாலைகளில் மாணவரும் ஊராரும் மெண்டோட்டாக் கரையில் கலந்தமர்கின்றனர். அவர்தம் வாதங்கள் முடியுமுன் பொழுது சாய்ந்துவிடுகிறது.