விற்பனை கூடியும் ஆர்டர் விழுவது ஏன்? தொலைத்தொடர்புத் துறை தரும் கணக்கு

வாடிக்கையாளரின் வியாபாரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அவருக்குச் சரக்கு கொடுத்தவர் நொடித்துப்போவது உண்டா? உண்டு. 2000 முதல் 2002 வரை அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறையில் இதுதான் நடந்தது. இண்டர்நெட்டில் செல்லும் தகவலின் அளவு அந்த ஆண்டுகளிலும் கூடிக்கொண்டேதான் இருந்தது. ஆயினும் கடலடிக் கேபிள் பதித்த குளோபல் கிராசிங் 2002 ஜனவரியிலும், வேர்ல்ட்காம் அதே ஆண்டு ஜூலையிலும் திவால் மனு கொடுத்தன. வேர்ல்ட்காமில் கணக்கு மோசடியும் சேர்ந்துகொண்டது.

முதல் காரணம், பெருக்கிப் பார்க்காமல் நம்பிய ஒரு பேச்சு. இண்டர்நெட் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றார்கள். 1998-ல் அமெரிக்க வணிகத் துறை அறிக்கையிலும் அது இடம்பெற்றது. அப்படியானால் ஓராண்டில் சுமார் 12½ மடங்கு. மூன்றாண்டில் 2,000 மடங்கை நெருங்கும். ஆனால் ஏ.டி. அண்ட் டி. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காஃப்மன், ஓட்லிஸ்கோ இருவரும் 1998-லேயே ஆராய்ந்து, வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் இரண்டு மடங்குதான் என்றனர். அதன்படி மூன்றாண்டில் 8 மடங்கு. பெரிய கணக்கை நம்பியவர்கள் கேபிளைப் பதித்துக் கடனில் சிக்கினர்.

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓர் உதாரணம் காண்போம். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இணைப்புகள் ஆண்டுதோறும் 100, 150, 210, 240, 250 என உயர்வதாகக் கொள்வோம். புதிய இணைப்புக்கு மட்டுமே புதுக் கருவி தேவை. எனவே கருவி விற்பவருக்குக் கிடைக்கும் ஆர்டர் 50, 60, 30, 10. இணைப்பு ஓர் ஆண்டும் குறையவில்லை; ஆர்டரோ 60-லிருந்து 10 ஆகிவிட்டது! பொருளாதார வல்லுநர்கள் இதை முடுக்கக் கோட்பாடு என்பர். இதைச் சமன்பாட்டில் வைத்து வணிகச் சுழற்சியை விளக்கியவர் பால் சாமுவேல்சன் (1939).

இச்சமயத்தில் கடனுக்குச் சரக்கு கொடுத்தவர் பாடு இருமடங்கு சிரமம். கருவி தயாரித்த லூசென்ட், தன்னிடம் வாங்கிய வின்ஸ்டாருக்குத் தானே கடனும் கொடுத்தது. 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவாலானபோது ஆர்டரும் போயிற்று, பாக்கியும் நின்றது.

குளிர்பதனப் பெட்டி, மின்தராசு, ஷோகேஸ் போன்று நெடுநாள் உழைக்கும் பொருள்களை விற்கும் மொத்த வியாபாரிகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும். வாங்குபவரின் வியாபாரம் கூடுகிறதா என்பதோடு நில்லாமல், போன முறை கூடியதைவிட இம்முறை கூடியது அதிகமா, குறைவா என்று தனிப் பத்தியில் குறித்து வாருங்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் பத்தி தொடர்ந்து இறங்கினால், புதுச் சரக்குக்கு முன்பணம் கட்டுமுன்பும், கடன் தவணையை நீட்டுமுன்பும் பழைய பாக்கியை வசூலித்துவிடுவது நல்லது.