அழியும் குறுந்தகடுகளும் வன்கொடுமை வழக்குகளும்

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழும்போது, பல நேரங்களில் எஞ்சி நிற்பது காணொளிப் பதிவே. 2015 இல் நடந்த கோகுல்ராஜ் படுகொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இத்தகைய பதிவுகள் பலவும் குறுந்தகடாகவே வழக்குக் கோப்பில் சேர்கின்றன. பதிவுக் குறுந்தகட்டில் தரவைத் தாங்குவது மெல்லியதொரு சாயப்படலம். ஒளியும் வெப்பமும் அதனைச் சிதைக்கும். ஈரக்காற்று அதன்மேலுள்ள உலோகப் பூச்சை அரிக்கும். அப்பூச்சு மேற்பக்கத்தை ஒட்டியே இருப்பதால், அங்கே பேனாவால் அழுத்தி எழுதுவதும் கேடு. காரைக்கால் போன்ற கடலோர ஊரில் வெப்பம், ஈரம் இரண்டிற்கும் குறைவில்லை. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீளலாம். தகடு அதுவரை காத்திராது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் காணொளியாகப் பதியக் கட்டளையிடுகிறது. பதிவது கடமையெனில், அதனைப் பாதுகாப்பதும் கடமையே.

நாம் செய்ய வேண்டியவை சில. வழக்கறிஞர் வழி முன்னிலையாகும் பாதிக்கப்பட்டோருக்கும் குற்றப்பத்திரிகை ஆவணங்களின் நகலை இலவசமாக வழங்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230 ஆவது பிரிவு வகைசெய்கிறது. தகடு கைக்கு வந்த அன்றே இயக்கிப் பார்ப்போம். இயங்காவிடில் உடனே நீதிமன்றத்தில் மனு அளிப்போம். இயங்கினால் இரு வன்வட்டுகளில் நகலெடுத்து, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆவது பிரிவுச் சான்றிதழில் உள்ள ஹாஷ் மதிப்புடன் ஒப்பிடுவோம். சாட்சியைக் காப்பதுபோல் சான்றையும் காப்பது நம் பொறுப்பு.