சலவைக்கடையில் பிறந்த பித்தளைச் சட்டை

கலிஃபோர்னியாவின் வடபகுதியில் ஓரோவில் என்றொரு சிற்றூர். 1943இல் அங்கே அப்பாவின் சலவைக்கடையில் வேலை பார்த்தார் ஃப்ரெட் ஹண்டிங்டன். துப்பாக்கி சுடுவதில் அவருக்குத் தீராத ஆசை. சுடுவதற்குத்தான் குண்டு கிடைக்கவில்லை. போர்க்காலம், செம்பும் ஈயமும் படைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அவர் கண்ணில் பட்டது குப்பை. பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டாவைச் சுட்டபின் விழும் பித்தளைக் கூடு அமெரிக்கச் சுடுகளங்களில் கொட்டிக் கிடக்கும். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை என்பதால் அதை மறுபடி நிரப்பிச் சுடுவது வழக்கமில்லை. அந்தக் கூட்டையே மேல்சட்டையாக்கி, உள்ளே ஈயம் வைத்து அழுத்தி, புதுக் குண்டு செய்யும் அச்சை ஹண்டிங்டன் வடிவமைத்தார். பாறை இடுக்கில் வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த ராக்சக் என்ற பிராணியைச் சுடுவதற்கான குண்டு அது. ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று அச்சுக்குப் பெயர் வைத்தார். ஆர்.சி.பி.எஸ். என்ற நிறுவனப் பெயர் அதன் சுருக்கம்தான்.

தோட்டாவையும் குண்டையும் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். கூடு, அடிபட்டதும் தீப்பொறி தரும் கேப்பு, வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டதும் பறப்பது குண்டு மட்டும்; கூடு கையில் மிஞ்சும். அதற்குப் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் போட்டுத் திரும்பச் சுடுவது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. அவர்களில் பெரும்பாலோர் குண்டைக் கடையில் வாங்குகிறார்கள். அதையும் தானே செய்ய வேண்டும் என்று உட்காருபவர்கள் மிகச் சிலர்.

கொழுக்கட்டை பிடித்தவர்களுக்கு இந்த வேலை சட்டென்று புரியும். மேல்மாவு பித்தளை அல்லது செம்புக் கிண்ணம், பூரணம் ஈயம். இரண்டையும் எஃகு அச்சுக்குள் வைத்துக் கைப்பிடியை இறக்கினால், உருக்காமலேயே ஈயம் பிசைந்த மாவுபோல் இடுக்கெல்லாம் பரவிச் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மற்றோர் அச்சு மூக்கைக் கூர்மையாக்கும்.

ஈயத்துக்கு ஏன் சட்டை? புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்தில் வெறும் ஈயமே போதுமாக இருந்தது. வேகம் கூடக்கூட, துப்பாக்கிக் குழலின் உள்வரிகளில் ஈயம் உரசி இழைந்து ஒட்டத் தொடங்கியது. 1882இல் சுவிட்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் ஈயத்துக்குச் செப்புச் சட்டை போட்டார். இரண்டே ஆண்டில் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் வேகத்துக்குச் சட்டை இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. இந்தச் சட்டையின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு துயரமான பக்கம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில், நுனியில் மட்டும் சட்டை போர்த்தாத குண்டைச் செய்தார்கள். உடலுக்குள் நுழைந்ததும் அது மலர்ந்து கிழிக்கும். அவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு அறிவித்தது. ஊர்ப்பெயர் மட்டும் குண்டோடு ஒட்டிக்கொண்டது.

பழைய கூட்டில் குண்டு செய்தவர் ஹண்டிங்டன் மட்டுமல்ல. வெர்னன் ஸ்பியரும் அதே வழியில் தொடங்கினார். அவரோடு சேர்ந்து உழைத்த ஜாய்ஸ் ஹார்னடி 1949இல் நெப்ராஸ்காவில் தனியே தொழில் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் பெயர்கள் இவை. மூலதனம் சுடுகளத்துப் பித்தளைக் குப்பை.

அந்தச் சட்டைக்கு எல்லையும் உண்டு. பித்தளை மெல்லியது. மிக வேகமான துப்பாக்கியில் போட்டால் இலக்கைத் தொடும் முன்பே குண்டு காற்றில் சிதறிவிடும். அதனால் மிகத் துல்லியம் தேடுபவர்கள் இதற்கென்றே செய்த செப்புக் கிண்ணங்களை வாங்குகிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மனம் ஒப்பாதது ஈயம். உருக்காவிட்டாலும் அது கையில் ஒட்டும், சோற்றோடு வயிற்றுக்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்பவரை எந்தத் திறமைக்காகவும் என்னால் பாராட்ட முடியாது. தனி அறையும் கை கழுவலும் இந்தக் கைவினையின் பகுதியே. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்யப் பொதுவாக உரிமம் வேண்டாம்; விற்பதென்றால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரத்தையும்கூடத் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. உரிமம் இல்லாமல் இங்கே செய்தால் குற்றம்.

அப்படியும், கடையில் நல்ல குண்டு மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு? விடை, துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துத் துல்லியமாகச் சுடும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டிகளில் இருக்கிறது. குழலுக்குள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும் குண்டு, நொடிக்கு 3,200 அடி வேகத்தில் வெளியேறினால் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சியில், சட்டையின் ஒரு பக்கம் மயிரிழை தடித்திருந்தாலும் எடை மையம் விலகும்; குண்டு பாதை தப்பும். அதற்காகத்தான் ஒவ்வொரு கிண்ணத்தின் சுவரையும் அளந்து, எடை போட்டு, பிரித்து, ஒவ்வொன்றாக அழுத்துகிறார்கள். ஒரு மாலை முழுக்க உழைத்தால் ஒரு சிறு பெட்டி நிறையும். அதிலிருந்து ஐந்தை எடுத்து நூறு கெஜ தூரத்தில் சுடுகிறார்கள். நல்ல நாளில், காகிதத்தில் ஐந்து துளை தெரியாது. ஓரம் கொஞ்சம் பிசிறிய ஒரே துளைதான் தெரியும்.