ஆணி துருப்பிடித்தல் சோதனை
ஆணி துருப்பிடித்தல் சோதனை என்பது இரும்பு துருப்பிடிக்க நீர், ஆக்சிசன் ஆகிய இரண்டும் தேவை என்பதை வீட்டிலேயே காட்டும் எளிய வேதியியல் சோதனையாகும். உயர்நிலைப் பள்ளி அறிவியல் செயல்திட்டத்திற்கு ஏற்றது.

நான்கு புட்டிகளில் ஒவ்வோர் இரும்பு ஆணி இடப்படும். முதலாவதில் மழைநீர், இரண்டாவதில் உப்புநீர், மூன்றாவதில் கொதிக்கவைத்த நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும் இருக்கும். நான்காவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இறுக மூடப்படும். ஒரு வாரத்தில் முதலிரண்டில் மட்டும் செம்பழுப்புத் துரு நன்கு தெரியும். உப்பு துருவாக மாறுவதில்லை. நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டி மின்வேதி வினையை விரைவுபடுத்துகிறது. கடை ஆணிகள் பல துத்தநாகம் பூசப்பட்டவை. அப்பூச்சை உப்புத்தாளால் முற்றும் தேய்த்து நீக்காவிடில் சோதனை பொய்க்கும். மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

வினையை விரைவுபடுத்த வினிகரையும் வெளுப்பான் திரவத்தையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.

உப்புக்காற்று வீசும் வடசென்னையில் இது பாடநூலுடன் முடிவதன்று. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த இரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), 2018 சனவரியில் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தியை நிறுத்தித் துருவேறா எஃகுப் பெட்டிகளுக்கு முழுமையாக மாறியது. அவ்வெஃகிலுள்ள குரோமியம் மெல்லிய ஆக்சைடுப் படலமாகி இரும்பைக் காக்கிறது. ஐந்தாவது புட்டியில் உப்புநீரில் ஓர் எவர்சில்வர் கரண்டியை இட்டு இதனை ஒப்பிடலாம்.