வலிக்கு மாத்திரை, வளர்த்திக்குப் பவுடர்

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். ஊக்கமருந்துப் பரிசோதனைக் குழு வந்துவிட்டது என்ற செய்தி மைதானத்தில் பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே வந்து நின்றார்.

டெல்லிக் கதைதானே என்று சேலம், நாமக்கல் பெற்றோர் ஒதுக்கிவிட முடியாது. திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து 2019இல் தோகாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றார். சோதனையில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து தெரியவர, பதக்கம் பறிபோனது. நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 19 வயதில் எட்டு மாதத் தடை வாங்கித் தந்தது டெர்பியூட்டலின். இருமல் சிரப்பில் இருந்தது, தெரியாமல் குடித்துவிட்டேன் என்றார் அவர். அதை ஏற்றுக்கொண்டும் தடை விதித்தார்கள்.

இளம்பிள்ளையில் தறி ஓட்டிப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் குடும்பத்துக்கு விளையாட்டு ஒரு பெரிய வாசல். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் 3 சதவீதம். அதனால்தான் மண்டலப் போட்டிக்கு முதல் நாள் "முட்டி வலிக்குதுப்பா" என்றால், "ஒரு மாத்திரையப் போட்டுட்டு ஓடு கண்ணு" என்ற பதில் வருகிறது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வளரும் வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு முனை இன்னும் குருத்தாகவே இருக்கும். தொடைத் தசை அதை இழுத்து இழுத்துப் புண்ணாக்கும். ஓய்வில் பெரும்பாலும் ஆறிவிடும். மாத்திரையில் வலி தெரியாமல் போனால் பிள்ளை அதே காலை இன்னும் வேகமாக ஊன்றுவான்.

வலிக்குக் கொடுக்கும் டைக்லோஃபினாக் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். டிரமடால் என்ற வலி மருந்தோ 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை.

முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டும் திரும்பி வரலாம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் வீரர் நடராஜன் 2021 ஐபிஎல்லைப் பாதியில் விட்டுவிட்டு முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தார்.

புரதப் பவுடருக்கு வருவோம். ஒரு கரண்டியில் கிடைக்கும் 24 கிராம் புரதம் நான்கு நாமக்கல் முட்டையில் கிடைத்துவிடும். டப்பாவில் லேபிளில் சொல்லாத பொருள் கலந்திருந்தால், அதற்கும் பிள்ளைதான் பொறுப்பு. சர்வதேச விதிகள் பெற்றோரையும் வீரரின் உதவியாளர் என்றே கணக்கில் எடுக்கின்றன. தடை மருந்தைக் கொடுத்த அப்பாவும் தண்டனைக்கு உள்ளாகலாம்.

வலி ஒரு வாரம் தாண்டினால் சேலம் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். பையன் போட்டியில் ஓடுகிறவன் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத் தடைக்குள் வந்துவிட்டது.