மாமா அனுப்பின எல்இடி வீடியோவும் ஒரு கிராம் மக்னீசியமும்

போன மாசம் மாமா வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினார். ரெண்டு சின்ன செம்புக் குழாய், ஒவ்வொண்ணு நடுவுலயும் வெள்ளி நிறத்துல ஒரு கம்பி, இடைவெளியில வெள்ளையா ஏதோ உறைஞ்சு போயிருக்கு. அதுல ஒரு எல்இடி எரியுது. "மூணு மாசமா எரியுது, சார்ஜே போடல, கிரிஸ்டல் காத்துல இருந்து கரண்ட் இழுக்குது"ன்னு பின்னாடி ஒரு குரல். கீழ மாமாவோட கேள்வி: "நீ ட்ரிபிள்-ஈ தான மாப்ள? வீட்டுக்கே பெட்டி செஞ்சு தர்றாங்களாம். நாப்பதாயிரம் அட்வான்ஸ். கட்டலாமா?"

டுபாக்கூர்னு ஒரே வார்த்தையில பதில் போட்டிருப்பேன். பிரச்சனை என்னன்னா, அந்த எல்இடி நிஜமாவே எரியும். அதனால செஞ்சே பார்த்துட்டேன்.

பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில படிகாரம் வாங்கினேன். சூடு பண்ணினா தண்ணி ஊத்தாமலே உருகிடும், ஏன்னா அந்தக் கிரிஸ்டலுக்குள்ளயே தண்ணி இருக்கு. மக்னீசியம்தான் கஷ்டம். கடைசியில ஒரு பிளம்பர் அண்ணா பழைய கீசர்ல இருந்து கழட்டின அனோடு ராடு கொடுத்தார். ஒரு செல்லுக்கு மல்டிமீட்டர்ல 1.4 வோல்ட். ரெண்டைச் சேர்த்தா சிவப்பு எல்இடி எரியுது!

அடுத்து மக்னீசியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல செம்புக் கம்பியை வெச்சேன். அதே படிகாரம், அதே ரூம், அதே காத்து. மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம். கரண்ட் காத்துல இருந்து வந்திருந்தா இப்பவும் வந்திருக்கணுமே. மக்னீசியம் எலக்ட்ரானை விட்டுட்டு கரையுது, அவ்ளோதான். 1800-ல வோல்டா செஞ்சதும் இதே மாதிரிதான், ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்புத்தண்ணி.

'காத்துல இருந்து இழுக்குது'ன்னு ஏன் தோணுது? செல்லை மொட்டை மாடி வெயில்ல ரெண்டு நாள் காயவெச்சேன், எல்இடி மங்கிடுச்சு. ராத்திரி ஜன்னல் ஓரம் வெச்சதும் கொஞ்சம் தேறிடுச்சு. பாண்டி கடல் காத்தாச்சே, ஈரத்துக்கா பஞ்சம்! ஈரம் ஏறினா அயனிகள் நகர வழி கிடைக்குது. காத்து கொடுத்தது தண்ணி, கரண்ட் இல்ல.

சரி, மூணு மாசம்? இதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்தது. ஒரு கிராம் மக்னீசியத்துக்குள்ள 2.2 ஆம்பியர்-மணி சார்ஜ் இருக்கு. எல்இடி மங்கலா எரிய 0.5 மில்லிஆம்பியர் போதும். வகுத்தா 4,400 மணி நேரம், அதாவது ஆறு மாசம். பாதி மக்னீசியம் தண்ணியோட நேரா வினைபுரிஞ்சு ஹைட்ரஜனா வீணாப் போனாலும் மூணு மாசம் ஓடும். வீடியோக்காரர் பொய் சொல்லல. மூணு மாசத்துக்கு அப்புறம் கம்பியை எடை போட்டுப் பார்க்கல, அவ்ளோதான்.

ஆனா வீட்டுக்கு? ஒரு செல் கொடுக்குறது 0.7 மில்லிவாட். பழைய சீலிங் ஃபேன் ஒண்ணுக்கு 75 வாட். ஒரு ஃபேன் சுத்த லட்சத்துக்கு மேல செல் வேணும். ஒரு கிலோ மக்னீசியம் முழுசா கரைஞ்சாலும் கிடைக்கிறது 3 யூனிட். அந்த ஒரு கிலோவை மின்பகுப்புல பிரிச்சு எடுக்கவே 10 யூனிட்டுக்கு மேல செலவாகும்.

மாமா வயசுக்காரங்களுக்கு 1996 ஞாபகம் இருக்கும். ராமர் பிள்ளை மூலிகையைத் தண்ணியில கொதிக்க வெச்சு பெட்ரோல் எடுக்குறேன்னு சொன்ன வருஷம். விஞ்ஞானிகள் முன்னாடி அது நிக்கல. கலக்குற குச்சிக்குள்ளதான் எரிபொருள் இருந்ததுன்னு வெளிய வந்தது. இங்க குச்சியை யாரும் ஒளிச்சு வைக்கல. நடுவுல நிக்குற அந்தக் கம்பிதான் எரிபொருள்.

கணக்கையும் செம்புக் கம்பி வீடியோவையும் மாமாவுக்கு அனுப்பினேன். "பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க மாமா, உள்ள என்ன உலோகம்னு மட்டும் கேளுங்க"ன்னேன். கேட்டிருக்கார். திறந்தா வாரண்டி போயிடுமாம்.

பணம் இன்னும் கட்டல.