கரடி வளர்த்த மைந்தனும் கண்மணியும்

வாசிகசாலையினின்றும் கதைநூல் கொண்டுவரும் மாணாக்கனை நோக்கி, “இது என்ன கதை?” என்று வினவுவது நம் பெற்றோர் வழக்கம். மாயமும் வீரமும் நிறைந்ததாயின் பொழுதுபோக்கென்று விடுவர்; நம் காலத்துக் காதலையும் கலியாணத்தையும் பேசுவதாயின் முகஞ் சுளிப்பர். இம்முறை பொருந்துமா என்பதை ஈழத்துப் பழைய நாவல்கள் இரண்டைக் கொண்டு நோக்குவாம்.

1891இல் இன்னாசித்தம்பி வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பிய வீரகாதையொன்றின் தழுவல். காட்டிலே பிரிந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி வளர்க்கின்றது. மற்றவன் அரசவையில் வளர்கின்றான். மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயத்திலோ’ கரடியுமில்லை, வாளுமில்லை. யாழ்ப்பாணத்து இல்லறமே களம். கணவன் அருளப்பாவின் கொடுமையைக் கண்மணி தாங்குவதே கதை. இவ்வம்மையார் ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியரெனப் போற்றப்படுபவர். (இரண்டும் கிறித்தவர் ஆக்கங்கள். தமிழ் உரைநடைக்கு அவர்கள் ஆற்றிய பணியைச் சைவராகிய நாம் மறத்தலாகாது.)

பதின்மூன்று வயதினனுக்கு யான் ஊசோனையே கொடுப்பேன். காட்டாளென்று எள்ளப்படுபவன் அரசவையில் இருப்பவனுக்கு உடன்பிறந்தான் என்பது அவன் உள்ளத்திற் பதியும். சாதி பார்க்கும் ஊரிலே அது சிறுபொருளன்று. வெறும் பொழுதுபோக்கென்பார் இதனை நோக்கிலர்.

பதினேழு வயதினன் நிலை வேறு. இன்னும் பத்தாண்டு கழியுமுன் அவனுக்குப் பெண்பேசத் தரகர் வருவார். வீடு எத்தனை அறை, காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண் என்று சீதனக் கணக்கு நடக்கும். வரப்போகும் பெண்ணுக்கும் ஒரு மனமுண்டு என்பதை அதற்குமுன் அவனுக்கு எவர் சொல்வார்? கணிதமும் பௌதிகமும் சொல்லா, தந்தையர் நாணுவர், ஆசிரியராகிய யாமும் பாடத்திட்டத்தைக் காட்டி ஒதுங்குவோம். கண்மணி சொல்வாள். அவளுடைய பொறுமை முழுவதையும் நற்பண்பென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஆயினும், ஒரு வீட்டுக்குள்ளே ஓசையின்றி நிகழும் கொடுமையை அவன் அவளுடைய கண்ணாற் காண்பான்; அருளப்பாவிடம் தன் சாயல் உளதோ என்று அஞ்சவுங் கூடும். அவ்வச்சம் மணமேடைக்கு முன்னரே வருதல் நன்று.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர். இளையவன் கண்மணியை முதலில் எடுத்துவரின் பறிக்கவேண்டா. சலித்துத் தானே திருப்பிக் கொடுப்பான். மூத்தவன் கரடிக் கதையோடே நின்றுவிடின், மற்றதை நீங்களே அவன் மேசைமேல் வைத்துவிடுங்கள்.